வேடிக்கைப் பேச்சு

வீரமாமுனிவர் என்றதும் தேம்பாவணிதான் நம் நினைவுக்கு வரும். சூசையப்பரைப் பாட்டுடைத் தலைவராக வைத்து 3615 பாடல்கள் பாடியவர். அதே கைதான் பரமார்த்த குருவின் கதையையும் எழுதிற்று. இத்தாலியிலிருந்து வேதம் போதிக்க வந்த துறவிக்கு மட்டியும் மடையனும் எதற்கு? விழுந்ததையெல்லாம் எடுக்கவேண்டும் என்று குரு கட்டளையிட, சீடர்கள் குதிரை லத்தியையும் பக்தியோடு எடுத்துக்கொள்கிறார்கள்! பேச்சுத் தமிழ் பயிலும் பாதிரிமாருக்கு உதவியாக எழுதினார் என்பார்கள். நம்மூர் மடங்களைக் கேலி செய்யத்தான் எழுதினார் என்பாரும் உண்டு. இருக்கலாம். ஆனால் தமிழ்க் குழந்தைகள் எந்த மடத்தையும் நினைத்துச் சிரிக்கவில்லை. ஆற்றைக் கடந்தபின் தன்னை விட்டுவிட்டு மற்றவர்களை எண்ணி, ஓர் ஆள் குறைகிறதென்று அழுகிற முட்டாளை நினைத்துத்தான் சிரித்தார்கள். அந்த முட்டாள் யார் என்பது வளர்ந்த பிறகு தெரிகிறது.

சிரிப்பையே பாவக் கணக்கில் எழுதிவிடுகிற ஒரு கூட்டம் எங்கள் சபைகளில் எப்போதும் உண்டு. அவர்கள் கையில் ஒரு வசனமும் இருக்கிறது. எபேசியருக்கு எழுதிய நிருபத்தின் ஐந்தாம் அதிகாரத்தில், தகாத பேச்சுகளோடு பரியாசத்தையும் பவுல் சேர்த்திருக்கிறார். கிரேக்கத்தில் அங்கே உள்ள சொல் ‘யூத்ரபெலியா’. நன்றாகத் திரும்புவது என்று அதற்குப் பொருள். அதே சொல்லை அரிஸ்டாட்டில் ஒரு நற்குணத்துக்குப் பெயராக வைத்தார். கோமாளிக்கும் சிடுமூஞ்சிக்கும் நடுவே நிற்பவனுடைய குணம். 13ஆம் நூற்றாண்டில் தாமஸ் அக்குவினாஸும் அதை ஒப்புக்கொண்டார். பவுலின் வசனத்தைச் சுற்றி இருப்பவை வேசித்தனமும் அசுத்தமும். இரட்டை அர்த்தத்துக்குத் திரும்புகிற நாக்கைத்தான் அவர் கண்டித்தார் என்று எனக்குப் படுகிறது. காவலில் இருந்துகொண்டு பிலிப்பியருக்குச் சந்தோஷத்தைப் பற்றியே திரும்பத் திரும்ப எழுதிய மனிதர் அல்லவா?

என் பெரியப்பாவுக்குக் கிரேக்கமெல்லாம் தெரியாது. திருநெல்வேலிச் சீமையில் ஒரு சிறிய கிராமத்துக்கு உபதேசியார். அவர் வாயில் கெட்ட வார்த்தை வந்து நான் கேட்டதில்லை. அதைவிடப் பெரிய விஷயம், ஒருவனுடைய நிறத்தையோ திக்குவாயையோ சாதியையோ வைத்து அவர் வேடிக்கை செய்ததில்லை. இது எவ்வளவு கஷ்டம் என்று கதை எழுதுகிறவனுக்குத் தெரியும். நம் ஹாஸ்யத்தில் பாதிச் சரக்கு அந்தக் கடையிலிருந்துதானே வருகிறது! ஆபாசமான சொல் ஒன்றுகூட இல்லாமல் ஒரு மனிதனை அசுத்தமாகப் பேசிவிடலாம். கோயில் வாசலில் வெள்ளை வேட்டியோடு நின்று, வேத நடையிலேயே பேசிவிடலாம்.

ஒரு சமயம் கூட்டம் நடத்த வெளியூரிலிருந்து வந்த வாலிபர் ஒருவர், அந்த எபேசியர் வசனத்தைக் காட்டி, ஊழியக்காரர் வேடிக்கை பேசலாமா என்று சபை நடுவே கேட்டுவிட்டார். பெரியப்பா பதில் சொல்லவில்லை. அன்றோடு பேச்சைச் சுருக்கிக்கொண்டார். வருவார், ஜெபம் பண்ணுவார், போய்விடுவார். வீட்டிலும் அப்படியே. வைத்தியரைக் கூப்பிடலாமா என்றுகூடப் பெரியம்மா யோசித்தாள்.

மூன்று மாதம் இப்படிப் போயிற்று. அப்போது காய்ச்சலுக்கு மகனைப் பறிகொடுத்த ஒரு கிழவியின் வீட்டுக்கு ஜெபம் பண்ணப் போனார். நானும் கூட இருந்தேன். நாலு நாளாக அவள் ஒன்றும் சாப்பிடவில்லை என்றார்கள். ஜெபத்தை முடித்து எழுந்தவரை அவள் விடவில்லை.

“ஐயா, வர்றவுக எல்லாம் மூஞ்சியத் தூக்கிக்கிட்டுத்தான் வாராக. நீங்களும் இப்படி இருந்தா நான் எங்க போவேன்? எம் மவன் சின்னதுல உங்க பின்னால சிரிச்சிக்கிட்டே திரிவானே!”

பெரியப்பா மறுபடியும் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் தரையைப் பார்த்தார். பிறகு, அந்தப் பையன் பத்து வயதில் கோயில் மணியை அடிக்கப் போய், கயிற்றோடு மேலே போய்த் தொங்கிக்கொண்டு, “உபதேசியாரே, பரலோகத்துக்குப் பாதி தூரம் வந்துட்டேன், இறக்கி விடுங்க!” என்று கத்திய கதையைச் சொன்னார்.

கிழவி சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். சிரித்து, அழுது, மறுபடியும் சிரித்தாள். அப்புறம் மருமகளைத் திரும்பிப் பார்த்து, “கஞ்சி இருக்கா?” என்றாள்.