வடகமும் குருவியும்

பெருந்துன்பம் ஒன்று வந்துற்றால் அதனைத் தாங்கும் வலிமையை மனிதன் எப்படியோ தேடிக்கொள்கிறான். ஆனால் இரவு முழுவதும் புயலைப் பொறுத்துக்கொண்ட அதே மனிதன், காலையில் பால் வரக் கால்மணி நேரம் தாமதித்தால் வாசலுக்கும் கூடத்துக்குமாக நடந்து வீட்டையே இரண்டுபடுத்திவிடுகிறான். சிறு தொல்லைகளுக்கு அத்துணை ஆற்றல் உண்டு. நாம் வாழும் புதுச்சேரி நகரில் இவற்றுக்குப் பஞ்சமே இல்லை. கடலோரமாகையால் கிணற்று நீர் உவர்த்துவிட்டது. குழாயில் நல்ல தண்ணீர் வரும் அரைமணி நேரத்தில்தான் மின்சாரம் போகிறது. மின்சாரம் வந்ததும் தண்ணீர் நின்றுவிடுகிறது. சனி, ஞாயிறுகளில் வெளியூர்க் கார்கள் நம் தெருவுக்குள் புகுந்து, படிக்கட்டை ஒட்டியே நின்றுவிடுகின்றன. ஒரு ஞாயிறன்று அவ்வாறு நின்ற காரின் உரிமையாளரை அரைமணி நேரம் காத்திருந்து பிடித்தோம். வண்டியை எடுக்கச் சொல்ல வாய் திறக்குமுன், நல்ல பிரியாணி கிடைக்கும் இடத்துக்கு அவர் நம்மிடமே வழி கேட்டார். வழி சொல்லாமல் இருக்க முடியுமா? சொன்னோம்.

இவற்றுக்கு ஈடு செய்யும் சிறு இன்பங்களும் உண்டு. இஞ்சி தட்டிப் போட்ட தேநீரோடு நாளிதழை விரிப்பது அவற்றுள் முதலாவது. அரசியலை ஒரு பார்வையில் கடந்துவிட்டு, உட்பக்கத்தில் ஓர் ஓரமாக வரும் காட்டுயிர்ச் செய்தியைத் தேடுவது நமது வழக்கம். இவ்வழக்கத்துக்குக் காரணம் நம் தாயார். எண்பதைக் கடந்த அவர்களுக்கு இளமையில் ஓதிப் பழகிய அரபுத்தமிழ் ஓரளவு வாசிக்க வரும். நாளிதழின் எழுத்து கண்ணுக்குப் பிடிபடாது. எனவே நாம் வாசிக்க, அவர்கள் வெங்காயம் உரித்தபடி கேட்பார்கள். ஆட்சி மாறிய செய்தியைக் கேட்டும் நிமிராத முகம், ஆனை என்றாலோ குருவி என்றாலோ நிமிரும். 1954 நவம்பர் முதல் நாள் பிரெஞ்சுக் கொடி இறங்கி இந்தியக் கொடி ஏறியபோது சிறுமியாக இருந்தவர்கள் அவர்கள். ஆட்சிகள் மாறுவதைக் கண்டு பழகிவிட்டார்கள் போலும்.

2023 ஆம் ஆண்டு ஏப்ரல், மே மாதங்களில் அரிக்கொம்பன் என்னும் காட்டு யானையின் செய்தி நாள் தவறாமல் வந்தது நினைவிருக்கும். மூணாற்றை அடுத்த சின்னக்கானல் பகுதியில் நியாய விலைக் கடைகளையும் வீடுகளையும் உடைத்து அரிசி தின்றதனால் அப்பெயர் பெற்ற யானை அது. அவ்வாண்டு ஏப்ரல் இறுதியில் மயக்க ஊசி செலுத்தி அதனைப் பிடித்துப் பெரியாறு காட்டில் விட்டனர். மே மாதம் அது கம்பம் நகரத்துக்குள் புகுந்தது. ஜூன் தொடக்கத்தில் மீண்டும் பிடிபட்டு, களக்காடு முண்டந்துறைக் காட்டுக்கு அனுப்பப்பட்டது. நாள்தோறும் இதனைக் கேட்டுவந்த தாயார் ஒரு நாள் கத்தியைக் கீழே வைத்துவிட்டு, "பசிச்சுத்தானே தம்பி வந்துச்சு? அதுக்குப் பச்சரிசி புடிக்குமா, புழுங்கலா?" என்று கேட்டார்கள். அதனால் உயிருக்கு அஞ்சி வாழ்ந்த மக்களும் அங்கே உண்டு என்று நாம் விளக்கினோம். "அவங்களும் பாவம்தான்" என்றார்கள். கேள்வியை மட்டும் விடவில்லை.

அதற்கு முந்தைய ஆண்டு, 2022 நவம்பர் 30 அன்று, மணக்குள விநாயகர் கோயில் யானை லட்சுமி நடைப்பயிற்சியின்போதே சாலையில் சாய்ந்து உயிர்நீத்தது. காடறியாத, நகரத்து யானை. நம் மகள் சிறுமியாயிருந்தபோது அதற்கு வாழைப்பழம் கொடுத்திருக்கிறாள். அன்று நகரமே தெருவில் நின்று அழுதது. நம் வீட்டிலும் அன்று மீன் வாங்க யாரும் கிளம்பவில்லை; இரவு ரசமும் அப்பளமும்தான்.

வெங்காயம் உரிப்பதாகச் சொன்னோம் அல்லவா? அது வடகத்துக்காக. வடகம் என்றவுடன் அரிசிமாவைக் காய்ச்சிப் பிழியும் கூழ் வடகத்தைப் பலர் நினைப்பர். அதுவும் நம் வீட்டில் உண்டு. ஆயினும் புதுவைச் சமையலின் உயிர்நிலை தாளிப்பு வடகமே. வடவம் என்றும் இங்கே வழங்குவர். சித்திரை வெயில் தொடங்கியதும் சின்ன வெங்காயத்தையும் பூண்டையும் ஒன்றிரண்டாக இடித்து, உளுந்து, கடுகு, சீரகம், வெந்தயம், மஞ்சள், கறிவேப்பிலை, உப்புச் சேர்த்துப் பிசைந்து ஓரிரவு மூடி வைப்பார்கள். மறுநாள் மாடியில் பாய் விரித்து உலர்த்தி, மாலையில் திரட்டி, விளக்கெண்ணெய் தொட்டுப் பிசைந்து உருண்டை பிடிப்பார்கள். அடுத்த நாள் உருண்டையை உதிர்த்து மீண்டும் வெயில். மாலையில் மீண்டும் உருண்டை. இப்படிப் பத்து நாள். தெருமுனையில் நுழையும்போதே இன்ன வீட்டில் வடகம் காய்கிறது என்று மூக்கு சொல்லிவிடும். இரண்டாம் மூன்றாம் நாள்களில் அந்த மணம் எல்லார்க்கும் உவப்பானது அன்று என்பதையும் உண்மை கருதிச் சொல்லிவிட வேண்டும். நன்கு காய்ந்து கறுத்த உருண்டை ஆண்டு முழுவதும் கெடாது. மீன் குழம்பு இறக்கும் நேரத்தில் ஒரு சிட்டிகை உதிர்த்து எண்ணெயில் பொரித்துக் கொட்டினால், நேற்று வைத்த குழம்பும் இன்று பிறந்ததுபோல் ஆகும். கீரைக்கும் துவையலுக்கும் அப்படியே.

பிரான்சுக்குக் குடியேறிய புதுவைக் குடும்பங்கள் இதனைப் பெட்டியில் வைத்துக் கொண்டுபோயின. பிரெஞ்சுக்காரர் நாவில் வடவம் 'வடுவான்' ஆயிற்று. இன்று அந்நாட்டுப் பெரிய உணவகங்களில் அப்பெயரால் ஒரு மசாலைத் தூள் புழங்குகிறது. பாரீசில் வாழும் நம் தங்கை அதனை வாங்கிப் பார்த்துவிட்டு, "பேர் மட்டும்தான் அண்ணே நம்மளுது" என்றாள். ஆண்டுதோறும் அவளுக்கென ஐம்பது உருண்டை தனியே காய்வது அதனால்தான்.

மாடியில் காயவைத்தால் காவல் வேண்டும். வெங்காய வடகத்தைப் பறவைகள் அவ்வளவாக நாடுவதில்லை. கூழ் வடகத்துக்குத்தான் எல்லாம் வரும். காக்கைக்குக் கறுப்புக் குடையை விரித்து வைப்பது நம் இல்லத்தரசியாரின் உத்தி. முதல் நாள் காக்கை அஞ்சியது. இரண்டாம் நாள் குடையின் மேலேயே அமர்ந்தது. குருவிகளுக்கு எந்த உத்தியும் இல்லை, ஏனெனில் தாயார் அவற்றை ஓட்டவிடுவதில்லை. பாயின் ஓரத்தில் நொறுங்கிய வடகத்தை அவர்களே ஒதுக்கி வைப்பார்கள். அது குருவிப் பங்கு.

மனையுறை குருவி என்று இதற்குப் பெயரிட்ட சங்கச் சான்றோரை வியக்காமல் இருக்க இயலாது. காட்டில் வாழாமல் மனிதன் வீடு கட்டும் இடமெல்லாம் தானும் வந்து குடியேறும் பறவைக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் ஏது? 1908 முதல் 1918 வரை இந்நகரில் வாழ்ந்த பாரதியார், சமைக்க வைத்திருந்த அரிசியைக் குருவிகளுக்கு இறைத்ததாகச் சொல்லப்படும் கதையை இங்குள்ளோர் யாவரும் அறிவர். அந்த அம்மையாரின் பக்கம் நின்று அக்கதையை யாரும் சொல்வதில்லை என்பது நம் இல்லத்தரசியாரின் குறை.

குருவியையும் அடுக்களையையும் இணைக்கும் இன்னொரு வரலாறும் உண்டு; மாணவர்கள் இதனை அறிந்திருத்தல் நன்று. பம்பாயில் தாய்தந்தையரை இழந்து மாமன் வீட்டில் வளர்ந்த ஒரு சிறுவன், தன் காற்றுத் துப்பாக்கியால் ஒரு குருவியைச் சுட்டான். அதன் கழுத்தில் மஞ்சள் திட்டு இருந்தது. இது நாம் உண்ணத் தக்க பறவைதானா என்னும் ஐயம் எழவே, சமையலாளிடம் கொடுக்குமுன் மாமா அமீருத்தீன் தயாப்ஜியிடம் காட்டினான். அவருக்கும் தெரியவில்லை. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் செயலாளர் மில்லர்டுக்குக் கடிதம் கொடுத்து அனுப்பினார். அந்த ஆங்கிலேயர், பாடம் செய்து வைத்திருந்த பறவைகளைப் பெட்டி பெட்டியாகத் திறந்து காட்டினார். அச்சிறுவனே பிற்காலத்தில் பறவையியல் அறிஞராக உலகறிந்த சலீம் அலி (1896–1987). 1985-இல் வெளிவந்த அவர் தன்வரலாற்றின் தலைப்பும் ஒரு குருவி வீழ்ந்ததைக் குறிப்பதே. புதுவைப் பல்கலைக்கழகத்தின் சூழலியல் பள்ளிக்கு அவர் பெயர் சூட்டப்பெற்றது நம் ஊருக்குப் பெருமை. ஹலாலா என்று கேட்ட ஒரு கேள்வி இவ்வளவு தொலைவு கொண்டுபோய் விட்டது. இதனை வாசித்துக் காட்டியபோது தாயார், "சுட்டதுக்கு அந்தப் புள்ளையை யாரும் கண்டிக்கலையா?" என்று மட்டும் கேட்டார்கள்.

நகரங்களில் குருவி குறைந்துவருவது உண்மை. 2020-இல் வெளியான இந்தியப் பறவைகளின் நிலை குறித்த அறிக்கை, நாடு முழுவதையும் சேர்த்துப் பார்த்தால் சிட்டுக்குருவியின் எண்ணிக்கை ஏறத்தாழ நிலையாக இருக்கிறது என்றும், பெருநகரங்களில்தான் சரிந்திருக்கிறது என்றும் தெரிவித்தது. கைப்பேசிக் கோபுரமே காரணம் என்று மேடைதோறும் சொல்கிறார்கள். அது உறுதியாக நிறுவப்படவில்லை. கண்ணுக்குத் தெரியும் காரணங்கள் வேறு. ஓட்டு வீடுகள் போய்விட்டன. கான்கிரீட்டில் கூடுகட்டப் பொந்து இல்லை. தானியம் பைகளில் அடைபட்டு வருகிறது. கடை வாசலில் சிந்துவதில்லை. முற்றத்தில் அமர்ந்து அரிசி புடைப்பவர் எவரும் இல்லை. குஞ்சுக்குப் புழு பூச்சிதான் உணவு. செடியில்லாத தெருவில் அதற்கு எங்கே போகும்? நாசிக்கைச் சேர்ந்த முகம்மது திலாவர் என்பவரின் முயற்சியால் 2010 முதல் மார்ச் 20 உலகச் சிட்டுக்குருவி நாளாகக் கொண்டாடப்படுகிறது. நகருக்கு மேற்கே ஊசுட்டேரியை 2008-இல் பறவைகள் புகலிடமாக அறிவித்தார்கள்; கூழைக்கடாவும் நாரையும் அங்கே பிழைத்துக்கொள்ளும். குருவிக்கு ஏரி பயன்படாது. அதற்கு நம் வீடுதான் வேண்டும்.

நம் வீடு பாட்டனார் சைகோனில் துணி வாணிகம் செய்து அனுப்பிய பணத்தில் எழுந்தது. (1935-இல் தென்னிந்திய முஸ்லிம்கள் அந்நகரில் கட்டிய பள்ளிவாசல் இன்றும் அங்கே உள்ளது.) முன்கட்டு மெத்தை, பின்கட்டு அடுக்களை நாட்டு ஓடு வேய்ந்தது. அந்த ஓட்டுக்கும் உத்திரத்துக்கும் இடையே மூன்று குருவிக் கூடுகள். மூன்று ஆண்டுகளுக்கு முன் பக்கத்து மனையில் நான்கு மாடி எழுந்து பிற்பகல் வெயிலை மறைத்துக்கொண்டது. பத்து நாளில் காய்ந்த வடகத்துக்கு இப்போது பதினாறு நாள் ஆகிறது. தாயாருக்குக் கண் மங்கிவிட்டதால், காய்ந்ததா இல்லையா என்பதை உருண்டையை விரலால் அழுத்திப் பார்த்தே சொல்வார்கள். அவ்விரல் அறிந்ததை நம் மகள் இப்போதுதான் கற்றுவருகிறாள். இன்னும் இரண்டு நாள் முன்பின் ஆகிறது.

அடுக்களை ஓட்டை எடுத்துவிட்டுக் கான்கிரீட் போட வேண்டும் என்ற பேச்சு உடன்பிறந்தாரிடையே நெடுநாளாக உண்டு. ஒழுகுகிறது என்பதில் யாருக்கும் மறுப்பில்லை. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்து, நகராமல் நின்று, ஒரே நாளில் நாற்பது சென்டிமீட்டருக்கு மேல் கொட்டித் தீர்த்தது. மின்சாரம் இல்லை, தெருவில் முழங்கால் நீர், மீனோ காயோ கிடையாது. அடுக்களையில் ஐந்து இடங்களில் பாத்திரம் வைத்தோம். குருவிகள் உத்திரத்தில் வரிசையாக ஒடுங்கி அமர்ந்திருந்தன. தாயார் புளிக்கரைசலில் இரண்டு உருண்டை வடகத்தைத் தாளித்துக் கொட்டச் சொன்னார்கள். அந்த வெறுங்குழம்பும் சோறும் எதிர்வீட்டாரையும் சேர்த்துப் பதினொரு பேர் உண்டோம். அதன் சுவையை எந்த விருந்திலும் நாம் கண்டதில்லை. மறுவாரமே தமையனார் தொலைபேசியில், இனியும் தாமதிக்கலாகாது, அம்மா வழுக்கி விழுந்தால் என்னாவது என்றார். அவர் சொல்வதில் நியாயம் இருந்தது. நாம் மறுக்கவில்லை.

கொத்தனார் வந்து அளந்தபோது தாயார் கட்டிலை விட்டு எழுந்து பின்கட்டுக்கு வந்தார்கள். ஓட்டைப் பிரிப்பதற்கு அவர்கள் தடை சொல்லவில்லை. குஞ்சுகள் பறந்த பிறகு, ஆனி மாதத்துக்கு மேல் பிரிக்க வேண்டும் என்றார்கள். பிறகு, "சுவத்துல ஒரு செங்கல்லை எடுத்து ஓட்டை விடு மேஸ்திரி" என்றார்கள்.

"தண்ணி எறங்கும் பாட்டிம்மா."

சற்று நேரம் அவரும் யோசித்தார். பிறகு, கூரைக்குக் கீழே மூன்று இடங்களில் சுடுமண் குழாய்த் துண்டுகளை வெளிப்புறம் சரிவாகப் பதித்து, உள்முனையை அடைத்து, வெளிவாயைச் சிறிதாகப் பூசிக் கொடுத்தால் நீர் நிற்காது என்றார். வாய் எவ்வளவு அகலம் இருக்கலாம் என்று கேட்டு, மூன்று விரல்களைச் சேர்த்துக் காட்டினார்.

"ரெண்டு விரல் போதும்" என்றார்கள் தாயார். "மூணு விரல்னா மைனா வந்துடும்."

அவர் சுவரில் கரித்துண்டால் மூன்று வட்டங்கள் இட்டுவிட்டுப் போனார்.