கிவ் அப்

கூட வேலை பார்க்கும் கொரியாக்காரர் ஒருத்தர் மீட்டிங் முடிந்தும் லைனிலேயே இருந்தார். "ஒண்ணு கேக்கலாமா? கிவ் அப்னு சொல்றாங்களே, யாருக்குக் கொடுக்கறாங்க? ஏன் மேலே?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆரணியில் தமிழ் மீடியம் படித்த எனக்கு ஏழாவதில் இதே சந்தேகம். கிவ் என்றால் கொடு, அப் என்றால் மேலே. பரணில் ஏறி நிற்கும் அப்பாவுக்குக் கீழிருந்து சாமான் எடுத்து நீட்டுவதுதான் கிவ் அப் என்று ரொம்ப நாள் நம்பிக்கொண்டிருந்தேன்.

கொரிய மொழியும் தமிழும் சொந்தமா என்கிற வாட்ஸ்அப் ஆராய்ச்சிக்குள் நான் போகவில்லை. ஆனால் வாக்கியம் கட்டுவதில் ரெண்டும் ஒரே ரகம். வினை கடைசியில்தான் வரும். அதன் பின்னால் இன்னொரு வினை ஒட்டிக்கொள்ளும், பள்ளியில் துணைவினை என்று படித்தோமே, அது. நாம் 'சாப்பிட்டுப் பார்' என்கிறோம். அவர்கள் 'மொகொ பொதா' என்கிறார்கள்; பொதா என்றாலும் பார்ப்பதுதான். 'எழுதிக் கொடு' என்பதற்கும் அங்கே கொடுதான், 'ஜுதா'. ஆங்கிலத்தில் வினைக்குப் பின்னால் மேலே, கீழே, வெளியே என்று திசையை ஒட்டுகிறார்கள். அதுதான் எங்கள் ரெண்டு பேரையும் படுத்தியது.

ஒரு உதாரணம் சொல்லச் சொன்னார். "மை ஃபாதர் கேவ் அப் வீவிங்" என்றேன், யோசிக்காமல்.

சொன்ன பிறகுதான் உறுத்தியது. முப்பது வருஷத்துக்கு மேல் குழித்தறியில் உட்கார்ந்தவர். ஆரணிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது, கூலி ஏறவில்லை. முட்டியும் போய்விட்டது. தறியைப் பிரித்தபோது நான் சென்னையில் இருந்தேன். குழியை மூடி சிமெண்ட் பூசியாச்சு என்று அம்மா சொன்னாள். இப்போது அங்கே நான் வாங்கிக் கொடுத்த ஃப்ரிட்ஜ் நிற்கிறது. அவர் கைவிட்டாரா, விட்டுக்கொடுத்தாரா, இல்லை தானாக விட்டுப்போச்சா? கிவ் அப் எதற்குப் பொருந்தும்?

அப்பா அன்றைக்குப் போனில் சொன்னது இவ்வளவுதான்: "தறிய நிறுத்திட்டேன்பா."

அந்த 'ட்டேன்'னுக்குள் ஒரு 'விடு' ஒளிந்திருப்பதை அவருக்கு விளக்கினேன். அவர்களிடமும் அப்படி ஒன்று உண்டாம், 'பொரிதா'. தனியாக வந்தால் தூக்கி எறிவது. இன்னொரு வினையோடு சேர்ந்தால், முடிந்தே போச்சு.

"அதுல வருத்தமும் இருக்கலாம், அப்பாடான்னு நிம்மதியும் இருக்கலாம். சொல்ற குரலை வெச்சுத்தான் தெரியும்" என்றார். கொஞ்சம் பொறுத்து, "உங்க அப்பா எப்படிச் சொன்னார்?"

போனில் சொன்னார், லைன் சரியில்லை என்றேன். லைன் நன்றாகத்தான் இருந்தது. எதிர்வீட்டுத் தறிச் சத்தம்கூடக் கேட்டது.