பிள்ளைகளோடு செய்யும் பணி

சேவை என்னும் சொல் நம் நாட்டில் மிகத் தேய்ந்துபோன சொற்களுள் ஒன்று. கொடுப்பவன் ஒருவன், கைநீட்டி நிற்பவன் ஒருவன் என்ற ஏற்பாட்டைச் சிறிதும் மாற்றாது செய்யப்படும் காரியங்களும் அப்பெயராலேயே வழங்குகின்றன. கிறிஸ்தவக் குடும்பத்திற் பிறந்து, கண்டி நகரிலே தமிழ் கற்பிக்கும் ஆசிரியராகிய நாம் இச்சொல்லின் மெய்ப்பொருளைத் தேடாதிருத்தல் இயலாது.

இத்தேடலின் ஒரு தொடக்கத்தைக் கண்டித் திரித்துவக் கல்லூரியின் வரலாற்றிற் காணலாம். 1904 முதல் 1924 வரை அதன் அதிபராயிருந்த ஏ. ஜி. பிரேசர் பாதிரியார், ஆங்கிலமே கல்வியெனக் கருதப்பட்ட காலத்தில் தாய்மொழியின் இன்றியமையாமையை வலியுறுத்தினார். மாணவரிடையே சமூக சேவைச் சங்கம் கண்டு, நகரத்து ஏழை மக்களின் வாழ்வை அவர்கள் அறியச் செய்தார். அக்கல்லூரித் தேவாலயம் கண்டியரசரின் மகுல் மடுவத்தை நினைவூட்டும் கற்றூண்களோடு எழுந்தது. சீடரின் பாதங்களைக் கழுவும் இயேசுவை அதன் சுவரிலே ஓவியர் டேவிட் பெயின்ரர் தீட்டினார். குரு குனிய, சீடன் அமர்ந்திருக்கும் அக்காட்சி பிரசங்கங்கள் பலவற்றினும் வலியது. ஆயினும் அக்காலத்தில் அங்கு கற்றோருட் பெரும்பாலோர் வசதி படைத்த வீட்டுப் பிள்ளைகள் என்பதை மறத்தலாகாது. அவர்கள் ஏழைகளிடம் இறங்கிவந்தனர். மாலையில் மீண்டும் ஏறிச்சென்றனர்.

நகரைச் சூழ்ந்த மலைகளில் வாழ்ந்த தோட்டத் தொழிலாளருட் பெரும்பாலோரை 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் நாடற்றவராக்கியது. 1945இல் வந்த இலவசக் கல்வியின் பயன் தோட்டப் பாடசாலைகளை எட்டவில்லை. 1970களின் பிற்பகுதியிலேயே அரசு அவற்றைப் படிப்படியாகப் பொறுப்பேற்கத் தொடங்கியது. உரிமை மறுக்கப்பட்ட மக்களிடம் பொதி சுமந்து செல்லும் அன்பு போதுமானதா?

அத்தகைய பொதிகளை வாங்கியவருள் நாமும் ஒருவர். லயத்திற் பிறந்து வளர்ந்தவர் நாம். நத்தார்க் காலத்தில் நகரிலிருந்து ஒரு குழுவினர் வருவர். பிள்ளைக் காம்பராவின் முன்னால் எம்மை வரிசையாக நிறுத்துவர். கொப்பியும் பென்சிலும் இனிப்பும் தந்து படம் பிடிப்பர். அவர்கள் தீயவரல்லர். ஆனால் ஒருவரேனும் எமது பெயரைக் கேட்டதில்லை.

1972இல் இயேசு சபைத் துறவி போல் கஸ்பர்ஸ் அடிகளார் கண்டியில் தொடங்கிய சத்தியோதயம் வேறொரு வழியைக் காட்டியது. சிங்களவரும் தமிழரும், பல சமயத்தவரும் கூடி உழைக்கும் இடமாக அது அமைந்தது. தோட்ட மக்களின் நிலைமை அங்கு இரக்கத்திற்குரிய பொருளாக மட்டுமன்றி, நீதிக்குரிய பிரச்சினையாகவும் கொள்ளப்பட்டது. 2017இல் மறைந்த அடிகளாரின் வாழ்விலிருந்து நாம் கற்றது இதுவே: பசித்தவனுக்கு உணவளிப்பது விசுவாசத்தின் முதற்படி, அவன் ஏன் பசித்திருக்கிறான் என்று வினவுவது அதன் அடுத்த படி.

இப்பொழுது எமது மாணவர் சிலர் மாதத்தில் ஒரு சனிக்கிழமை, ஹந்தானை மலைச்சாரலிலுள்ள தோட்டமொன்றுக்கு எம்முடன் வருகின்றனர். எவரும் பொதி கொண்டுவருவதில்லை. என்ன வேலை செய்வதென்று லயத்துப் பிள்ளைகளே தீர்மானிக்கின்றனர். பீலிக்குச் செல்லும் வழியைச் செப்பனிட வேண்டும் என்பதே அவர்களின் முதல் முடிவு. மழைக்காலத்தில் அவ்வழி வழுக்கும். குடத்தோடு வரும் தாய்மார் விழுவதுண்டு. சிங்கள மாணவரும் தமிழ் மாணவரும் லயத்துச் சிறுவரும் ஒன்றாகக் கல் சுமந்தனர். சரிவிலே கல்லை எவ்வாறு சாய்த்துப் பதிப்பதென்று எல்லோருக்கும் கற்பித்தவள் லயத்துச் சிறுமி ஒருத்தி, வயது பன்னிரண்டு.

வேலை முடிந்ததும் சிங்கள மாணவன் ஒருவன் எம்மிடம் தன் மொழியிலே கேட்டான்: “சேர், இத்தனை வருடமாக இந்த வீடுகளுக்கு ஏன் குழாய்த் தண்ணீர் வரவில்லை?”

பதினான்கு வயதுப் பிள்ளையின் வாயில் அக்கேள்வி பிறந்ததே அன்றைய உழைப்பின் பெரும்பயன் என்போம். ஆனால் அது எல்லோருக்கும் உவப்பாயிருக்கவில்லை. “பிள்ளையைச் சேவைக்குத்தான் அனுப்பினோம், அரசியலுக்கு அல்ல” என்று பெற்றோர் ஒருவர் எம்மிடம் கூறினார். அவரது அச்சம் எமக்கு விளங்காததன்று. இந்நாட்டில் இளைஞர் கேள்வி கேட்டதற்குக் கொடுத்த விலையை அவர் தலைமுறையினர் கண்டறிந்தவர்கள். எனினும், கல் சுமக்கத் தகுந்த பிள்ளை காரணம் கேட்கத் தகாதவனென்று எந்த வேதமும் சொல்லவில்லை என்றோம். சீடர் தமக்குள் யார் பெரியவரென வாதிட்டபோது, இயேசு ஒரு குழந்தையையன்றோ நடுவில் நிறுத்தினார்!

அவர் தம் மகனைத் தடுக்கவில்லை. அடுத்த சனிக்கிழமை இரு மொழிப் பிள்ளைகளும் கூடி, தண்ணீர் வேண்டிச் சிங்களத்திலும் தமிழிலும் ஒரு மனு எழுதினர். லயத்துப் பிள்ளைகளின் கையொப்பமே முதலில் இடப்பட்டது. பதில் இன்னும் வரவில்லை. இரண்டாவது மனுவை எழுதிக்கொண்டிருக்கின்றனர்.