மூச்சுப் பெட்டியை மாற்றிய கதை



நெடுநாளாக இங்கு எதுவும் எழுதவில்லை. நலமா என்று வினவி மடல் விடுத்த அன்பர்களுக்கு நன்றி. நலமே. நலமின்றிக் கழிந்த பதினொரு இரவுகளையும், ஒரு கருவியைத் தேடி அலைந்த அலைச்சலையும் பற்றி இன்று எழுத விழைகிறேன். வேற்றுமை உருபும் வலிமிகுதலும் பேசும் இடத்தில் குறட்டையைப் பற்றிப் பேசலாமா என்று சிலர் எண்ணக்கூடும். பொறுத்தருள வேண்டுகிறேன்.

எனக்கு உறக்க மூச்சுத்தடை நோய் உண்டு. மருத்துவர்கள் இதனை 'ஸ்லீப் அப்னியா' என்பர். உறங்கும்போது தொண்டைத் தசைகள் தளர்ந்து மூச்சுப்பாதையை அடைத்துக்கொள்கின்றன. குருதியில் உயிர்வளி குறைகிறது. மூளை திடுக்கிட்டு விழித்து மூச்சை மீட்கிறது. இவ்வளவும் நடப்பது உறங்குபவனுக்குத் தெரியாது. பக்கத்தில் படுத்திருப்பவருக்குத்தான் தெரியும். 2017ஆம் ஆண்டு அரசு மருத்துவமனையில் ஓரிரவு உடம்பெங்கும் கம்பிகளை ஒட்டிக்கொண்டு படுத்திருந்தேன். மணிக்கு 42 முறை எனக்கு மூச்சு நிற்கிறது அல்லது குறைகிறது என்று பின்னர்ச் சொன்னார்கள். ஐந்துக்குக் கீழே இருந்தால் இயல்பு. முப்பதைத் தாண்டினால் கடுமை. அதுவரை ஆசிரியர் அறையில் எனக்கு வழங்கிய பெயர் கும்பகர்ணன்!

இதற்குத் தந்த கருவிதான் 'சிபேப்'. மருந்து ஒன்றும் இல்லை, வெறும் காற்றுதான். மூக்கில் அணிந்த கவசத்தின் வழியாகக் காற்றைச் சற்றே அழுத்தத்தோடு செலுத்தினால், தொண்டைச் சுவர் ஒட்டிக்கொள்ளாமல் விரிந்து நிற்கும். ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரில் கோலின் சல்லிவன் என்னும் மருத்துவர் கண்ட வழி இது. 1981இல் 'லான்செட்' மருத்துவ இதழில் இதனை வெளியிட்டார். தூசி உறிஞ்சியின் மோட்டாரைக் காற்றை உள்ளே தள்ளும்படி அமைத்துத்தான் தொடங்கினாராம். அழுத்தத்தை நீரின் உயரத்தால் அளப்பார்கள். பெரும்பாலான கருவிகள் 4 முதல் 20 சென்டிமீட்டர் வரை தரவல்லவை. பத்து சென்டிமீட்டர் ஆழ நீரின் அடியில் எவ்வளவு அழுத்தமோ அவ்வளவுதான். அறிவியல் பாடத்தில் துளையிட்ட புட்டியில் நீர் ஊற்றி நாம் காட்டுகிறோமே, அதே அழுத்தம். அது ஒரு மனிதனுக்கு உறக்கத்தை மீட்டுத் தருகிறது என்பதை இன்றும் வியப்போடுதான் எண்ணுகிறேன்.

எட்டு ஆண்டுகள் அந்தக் கருவி என்னோடு உழைத்தது. 2025ஆம் ஆண்டுத் தொடக்கத்தில், மோட்டாரின் ஆயுள் முடிந்துவிட்டது என்ற அறிவிப்பு அதன் சிறு திரையில் தோன்றியது. இருபதாயிரம் மணிநேரத்திற்கு மேல் ஓடியிருந்தது. காற்று வந்துகொண்டுதானே இருக்கிறது என்று நான் அதனைப் பொருட்படுத்தவில்லை. பள்ளியில் விளையாட்டுப் போட்டி, அதன்பின் தேர்வுத்தாள், அதன்பின் வேறொன்று. மாணவன் வீட்டுப்பாடத்தைத் தள்ளிப்போட்டால் நாம் என்னென்ன சொல்வோம்! ஜூலை மாதத்து இரவொன்றில் அது சீழ்க்கை போல் ஒலியெழுப்பி நின்றுபோனது.

முதலிரண்டு நாள்கள் தலைவலி மட்டுமே. மூன்றாம் நாள், மாணவர்கள் கட்டுரை எழுதிக்கொண்டிருந்த வேளையில் நான் நாற்காலியிலேயே உறங்கிவிட்டேன். "சத்தம் போடாதீங்கடா, சார் தூங்குறாரு" என்று யாரோ சொல்லும் குரல் கேட்டு விழித்தேன். அந்தப் பிள்ளைகள் எனக்காக அமைதி காத்திருந்தார்கள். நான்காம் நாள் விடியற்காலை, கிள்ளானிலிருந்து பந்திங் செல்லும் சாலையில், சமிக்ஞை விளக்கின்முன் மகிழுந்தில் அமர்ந்தவாறே கண்ணயர்ந்தேன். பின்னால் நின்ற லோரி நீண்ட ஒலி எழுப்பியதும் விழித்தேன். விளக்கு எப்போது பச்சையானது, நான் எவ்வளவு நேரம் நின்றிருந்தேன், ஒன்றும் தெரியவில்லை. துறைமுக லோரிகள் இடைவிடாது ஓடும் சாலை அது. வண்டி நின்றிருந்தபோது உறங்கியதால் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

அன்று மாலை வீட்டில் இதனைச் சொன்னபோது என் துணைவியார் திட்டவில்லை. "ராத்திரியெல்லாம் நீங்க மூச்சு விடுறீங்களான்னு எண்ணிக்கிட்டுப் படுத்திருக்கேன்" என்று மட்டும் சொன்னார். மகிழுந்துச் சாவி அவரிடம் போனது. பக்கத்துத் தாமானில் வசிக்கும் சக ஆசிரியர் அடுத்த நாளிலிருந்து என்னை ஏற்றிச்சென்றார்.

கருவி தேடும் படலம் தொடங்கியது. பழையது போலவே ஒன்றை வாங்கிவிட்டால் முடிந்தது என்றுதான் முதலில் நினைத்தேன். அந்த வகை இப்போது விற்பனையில் இல்லை. நான்கு விலைகள் என் முன்னே வந்தன. ஒரே அழுத்தத்தில் இயங்குவது 2,200 ரிங்கிட். மூச்சின் தடைக்கு ஏற்பத் தானே அழுத்தத்தைக் கூட்டிக் குறைப்பது 4,300 ரிங்கிட். உள்ளங்கையில் அடங்கும் பயணக் கருவி 3,900. இணையத்தில் ஒருவர் விளம்பரம் செய்திருந்த பழைய கருவி வெறும் 900!

அந்தத் தொள்ளாயிரத்தில்தான் என் மனம் முதலில் சென்றது என்பதை மறைக்க விரும்பவில்லை. ஆனால், 2021 ஜூன் மாதம் பிலிப்ஸ் நிறுவனம் உலகெங்கும் பல இலட்சம் கருவிகளைத் திரும்ப அழைத்தது. ஒலியைத் தணிக்க உள்ளே வைத்த நுரைப்பஞ்சு காலப்போக்கில் சிதைந்து, அதன் துகள் காற்றோடு மூச்சில் கலக்கலாம் என்பதே காரணம். இந்தப் பழைய கருவி அந்த வரிசையைச் சேர்ந்ததா என்று அறிய அதன் தொடர் எண்ணைக் கேட்டேன். விற்பவரிடமிருந்து மறுமொழி வரவில்லை. வேறு நிறுவனத்தின் நல்ல கருவியாகவே இருந்திருக்கலாம். ஆயினும் எத்தனை ஆயிரம் மணிநேரம் ஓடியது, யாருடைய மூச்சு அதில் போய்வந்தது என்று தெரியாத பெட்டியை இரவெல்லாம் மூக்கில் மாட்டிக்கொள்வது எப்படி? நம் நாட்டில் 2012ஆம் ஆண்டின் மருத்துவக் கருவிச் சட்டப்படி இத்தகைய கருவிகள் பதிவு செய்யப்பட வேண்டும். பதிவு எண்ணைக் கேட்டால் நேர்மையான கடைக்காரர் தயங்காமல் காட்டுவார். வெளிநாட்டிலிருந்து தனியே தருவிக்கும் கருவிக்கு, பழுதானால் இங்கே யாரும் பொறுப்பேற்பதில்லை என்பதையும் பெற்றோர்கள் நினைவிற்கொள்க.

ஒரு விற்பனையாளர் மிக இனிமையாகப் பேசினார். தொடுதிரை, கைப்பேசிச் செயலி, காலையில் எழுந்தவுடன் உறக்கத்திற்கு மதிப்பெண்! மதிப்பெண் என்றதும் ஆசிரியனாகிய நான் சற்று மயங்கியது உண்மை. கூடவே ஓசோன் வாயுவால் துப்புரவு செய்யும் பெட்டி ஒன்றையும் வாங்கச் சொன்னார். அதைப்பற்றி அமெரிக்க மருந்துத் துறை 2020இலேயே எச்சரித்திருக்கிறது. பாத்திரம் கழுவும் இளஞ்சவர்க்கார நீர் போதும். எட்டு ஆண்டுகள் நான் அப்படித்தான் கழுவினேன்.

ஒன்பதாம் நாள் மருத்துவரைப் பார்க்க நேரம் கிடைத்தது. பழைய கருவியிலிருந்த நினைவு அட்டையைக் கழற்றி எடுத்துச் சென்றேன். தபால்தலை அளவுள்ள அந்த அட்டையை அதுவரை நான் ஒருமுறைகூட வெளியே எடுத்ததில்லை. மருத்துவர் அதனைக் கணினியில் செருகினார். பல மாதத்து இரவுகள் கோடுகளாக விரிந்தன. எத்தனை மணிக்குப் படுத்தேன், எத்தனை முறை எழுந்தேன், எந்நேரத்தில் எவ்வளவு அழுத்தம் தேவைப்பட்டது, எல்லாம் அதில் இருந்தன. ஆண்டுக் கணக்கில் நாள்பாடத்திட்டம் எழுதிவரும் எனக்கு, என்னைப்பற்றி ஒரு பெட்டி நாள்தவறாமல் எழுதிவைத்த குறிப்பேட்டைக் கண்டு வெட்கமாக இருந்தது.

மருத்துவர் ஒரு கோட்டைச் சுட்டிக்காட்டினார். அது காற்றுக் கசிவு. என் கருவியின் கணக்கில் நிமிடத்திற்கு 24 லிட்டரைத் தாண்டினால் கவனிக்க வேண்டும். எனக்கோ பல மாதங்களாக 38! "உங்கள் மோட்டார் இப்போதுதான் நின்றது. ஆனால் உங்கள் உறக்கம் ஆண்டுத் தொடக்கத்திலேயே கெட்டுவிட்டது" என்றார். அந்த மாதங்களில் எனக்கிருந்த அசதியை முதுமை என்றும், பணிச்சுமை என்றும், புதிய பாடத்திட்டம் என்றும் நான் சொல்லிக்கொண்டிருந்தேன். காரணம் நைந்துபோன சிலிக்கோன் கவசம். இன்னொரு காரணத்தை அவர் தயங்கித் தயங்கிச் சொன்னார். என் மீசை! முந்தைய ஆண்டின் பொங்கல் விழா நாடகத்திற்காக வளர்த்தது. நன்றாக இருக்கிறது என்று பலர் சொல்லவே அப்படியே விட்டுவிட்டேன். கவசத்தின் விளிம்பு மீசையின்மேல் படிந்தால் காற்று கசியத்தான் செய்யும்.

நான்காயிரம் வெள்ளிக் கருவியை அன்றே வாங்கி, அதில் பழைய கவசத்தையே மாட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? அதே கசிவு, அதே அசதி. புதிய கருவியும் சரியில்லை என்று அதனை மூலையில் போட்டிருப்பேன். அப்படிப் போட்டவர்கள் பலர் என்றார் மருத்துவர். எனவே கவசத்தைத்தான் முதலில் தேர்ந்தோம். மூக்கை மூடுவதற்கு மாறாக, நாசித்துளைகளின் வாயில் பொருந்தி நிற்கும் சிறு மெத்தை வகையை அணிந்து பார்த்தேன். மீசை தப்பியது. (ஒரு குறிப்பு: சில கவசங்களில் காந்தக் கொக்கிகள் உண்டு. இதயமுடுக்கி பொருத்தியவர்களும், அவர்களோடு படுத்துறங்குபவர்களும் மருத்துவரைக் கேளாமல் அவற்றை வாங்கலாகாது.)

பிறகு கருவி. என் இரவுகளின் கணக்கைப் பார்த்து, ஒருக்களித்துப் படுத்தால் எனக்கு 8 போதும், மல்லாந்து படுத்தால் 12 வேண்டும் என்று மருத்துவர் சொன்னார். நிலையான அழுத்தக் கருவியும் வேலை செய்யும், பலருக்கு இரண்டும் ஒரே பயனைத் தருகின்றன என்பதையும் ஒளிக்காமல் சொன்னார். ஆனால் நான்கு மணி நேரம் 8இல் உறங்கக்கூடியவன் இரவு முழுவதும் 12ஐத் தாங்க வேண்டியதில்லையே என்று தோன்றியது. தானியங்கு வகையையே தேர்ந்தேன். ஆயினும் ஆகப் புதியதை அன்று, அதற்கு முந்தைய தலைமுறையை. அதில் நினைவு அட்டை உண்டு. நீர்த்தொட்டியும் வடிகட்டியும் எளிதில் கிடைக்கின்றன. பயணக் கருவியில் நீர்த்தொட்டி இல்லை. அது தனக்கென்று அமைத்த கவசங்களையே ஏற்கும். மற்றவற்றிலோ குழாயின் முனை 22 மில்லிமீட்டர் என்னும் பொது அளவு. எந்த நிறுவனத்துக் கவசமும் பொருந்தும்.

ஈரப்பதம் மிகுந்த நம் நாட்டில் நீர்த்தொட்டி எதற்கு என்று சிலர் கேட்கிறார்கள். குளிரூட்டி போட்ட அறையில் ஒரு வாரம் அதில்லாமல் உறங்கிப் பாருங்கள், காலையில் மூக்கும் தொண்டையும் மறுமொழி சொல்லும். அறை மிகவும் குளிர்ந்தால் குழாய்க்குள் நீர் திரண்டு மூக்கில் சொட்டும். அதற்குச் சூடேறும் குழாய் உதவும். என் துணைவியார் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: சத்தம் வருமா? கடையில் மின்விசிறியையும் வானொலியையும் நிறுத்தச் சொல்லி, கருவியின் பக்கத்தில் காதை வைத்துக் கேட்ட பிறகே தலையசைத்தார்.

பணத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அரசுப் பணியாளருக்கு, அரசு மருத்துவ வல்லுநர் பரிந்துரைத்தால், இத்தகைய கருவியின் செலவைத் துறைவழி கோர வழியுண்டு. வாங்கிய பிறகு பாரத்தைத் தேடாமல், வாங்குமுன்பே பள்ளி எழுத்தரிடம் கேட்டறிதல் நலம். ஒப்புதல் வரும்வரை அதே வகைக் கருவியை வாடகைக்கு எடுத்தேன். பன்னிரண்டாம் இரவு அதனோடு உறங்கினேன். ஒரு மாதம் பயன்படுத்திப் பார்த்து, கசிவு குறைந்ததையும் மூச்சுத்தடை மணிக்கு 3க்கு இறங்கியதையும் மருத்துவரிடம் உறுதிசெய்துகொண்டேன். ஏழு வாரங்கழித்து எனக்கே உரிய கருவி வந்தது. சாவியும் திரும்பக் கிடைத்தது.

ஆசிரியர்களிடம் ஒன்றைச் சொல்ல வேண்டும். 2009ஆம் ஆண்டு, வகுப்பில் ஓயாமல் உறங்கிய மாணவன் ஒருவனை ஒரு பாடவேளை முழுவதும் நிற்கவைத்தேன். அவன் நின்றுகொண்டே உறங்கினான். வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன். அந்த நாற்காலித் தூக்கத்திலிருந்து விழித்த கணத்தில் எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது அவன் முகந்தான்.

இப்போது என் நான்காம் ஆண்டு வகுப்பில் ஒரு சிறுவன் இருக்கிறான். எப்போதும் வாய்வழியே மூச்சு விடுவான். ஒரு நாள் உறக்கம், மறுநாள் அடங்காத துடிப்பு. சிறுவர்களிடம் இந்நோய் உறக்கமாக மட்டும் வெளிப்படுவதில்லை; கவனச்சிதறலாகவும், முரட்டுத்தனமாகவும், படுக்கையை நனைப்பதாகவும் வெளிப்படலாம். டான்சிலும் மூக்கின் பின்னுள்ள அடினாய்டுச் சதையும் பெருத்திருப்பதே பெரும்பாலும் காரணம். அவற்றை நீக்கினால் பலர் தேறிவிடுகிறார்கள். தேர்ச்சி அறிக்கை வாங்க வந்த அவன் தாயாரிடம் இரவில் குறட்டை விடுவானா என்று கேட்டேன். "அவங்கப்பா மாதிரியே, சார். ரெண்டு பேரும் போட்டி போடுவாங்க" என்று சிரித்தார். சுகாதார நிலையத்திற்கு அழைத்துச் செல்லுமாறு கூறி, வகுப்பில் நான் கண்டவற்றை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பார்க்க நாள் குறித்திருக்கிறார்கள்.

அவனுடைய தந்தை கிள்ளான் துறைமுகத்தில் கொள்கலன் லோரி ஓட்டுகிறார். கடந்த வாரம் அவரே தொலைபேசியில் அழைத்தார். மகனைப் பற்றிப் பேசத் தொடங்கி, சுற்றி வளைத்து, "சோதனைக்குப் போனா லைசென்ஸைப் பிடிங்கிடுவாங்களா சார்?" என்று கேட்டார். அதற்கு எனக்கு விடை தெரியவில்லை; மருத்துவரைத்தான் கேட்க வேண்டும் என்றேன். சமிக்ஞை விளக்கின்முன் நான் உறங்கிய கதையை மட்டும் சொன்னேன். அவர் நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, அந்தப் பெட்டியைப் பார்க்க முடியுமா என்று கேட்டார்.

வரும் ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வருகிறார். கவசத்தைக் கழுவி உலர வைத்திருக்கிறேன்.