ஓங்கி அடிக்கிறவன்

புதுக் கதாசிரியர்களின் கையெழுத்துப் பிரதிகளைச் சில சமயம் பத்திரிகைக்காரர்கள் என்னிடம் அனுப்பி, "ஆள் தேறுவாரா, சொல்லுங்கள்" என்று கேட்பார்கள். அப்போதெல்லாம் எனக்கு அமெரிக்காவின் பேஸ்பால் 'ஸ்கௌட்'டுகளின் ஞாபகம் வந்துவிடும். ஊர் ஊராகச் சுற்றி, மைனர் லீக் என்ற கீழ்ப்படி ஆட்டங்களைப் பார்த்து, எந்தப் பையன் மேலே போவான் என்று எழுதி அனுப்புவதுதான் அவர்கள் உத்தியோகம். 20 முதல் 80 வரை மார்க்கு. 50 என்றால் பெரிய லீக்கின் சராசரி.

இதில் ஒரு சூட்சுமம் உண்டு. பந்தை மட்டையில் படவைக்கும் திறமைக்கு ஒரு மார்க்கு, பட்டால் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு வேறு மார்க்கு. பின்னதைப் பார்த்து மயங்காத மனிதர் ஏது? நம் கிரிக்கெட்டில் ஸிக்ஸர் மாதிரி அங்கே ஹோம் ரன். பந்து வேலியைத் தாண்டினால் கூட்டம் எழுந்து நின்றுவிடும். ஸ்கௌட் மட்டும் உட்கார்ந்தபடியே, "பையனுக்கு வயசென்ன? பந்து போட்டவன் யார்? வளைந்து இறங்கும் பந்து வந்தால் என்ன செய்கிறான்?" என்று கணக்குப் பார்ப்பார்.

1954-ல் நியூ மெக்ஸிகோ மாகாணத்து ரோஸ்வெல்லில் ஜோ பௌமன் என்பவர் 138 ஆட்டங்களில் 72 ஹோம் ரன் அடித்தார். ரசிகர்கள் வேலிக் கம்பி வழியே டாலர் நோட்டுகளை நீட்ட, அவர் நடந்துகொண்டே வாங்கிக்கொள்வாராம். ஆனால் கணக்கோ அவருக்கு விரோதமாக இருந்தது. வயது 32. லீக்கோ 'ஸி' வகுப்பு. ஊர் கடல் மட்டத்துக்கு 3500 அடிக்கு மேலே. காற்று லேசு, பந்து பறக்கும். பெரிய லீக் கூப்பிடவில்லை. பௌமன் ஊரிலே பெட்ரோல் பங்கு நடத்தினார்.

இரண்டே வருஷம் கழித்து, 1956-ல், நெப்ராஸ்கா மாகாணத்து லிங்கனில் டிக் ஸ்டூவர்ட் 66 அடித்தார். வயது 23, லீகும் 'ஏ' வகுப்பு. கையெழுத்துப் போடும்போது பெயருக்குப் பக்கத்தில் '66' என்றும் போடுவாராம். தன்னடக்கத்துக்கு மார்க்கு கிடையாது, நல்லவேளை! 1958-ல் பிட்ஸ்பர்க் குழு அவரைச் சேர்த்துக்கொண்டது. பந்து பிடிப்பதில் அவர் கை ஓட்டைக் கை. ஒரு சினிமாப் பெயரைத் திரித்து 'டாக்டர் ஸ்ட்ரேஞ்ச்கிளவ்' என்று பரிகாசப் பட்டமே வைத்தார்கள். காற்றில் பறந்து வந்த காகிதத்தை ஒரு நாள் அவர் பிடித்ததற்கு மைதானமே கைதட்டியதாகக் கதை உண்டு. இருந்தாலும் பெரிய லீகில் மொத்தம் 228 ஹோம் ரன் அடித்துவிட்டார்.

ஆகையால் கணக்குப் பார்த்தவர்கள் பக்கம் நியாயம் இல்லை என்று சொல்ல முடியாது. பௌமனை விட்டு ஸ்டூவர்ட்டைத்தான் நானும் பொறுக்கியிருப்பேன். ஆனால் ஒன்று மட்டும் மனசில் உறுத்துகிறது. ஸ்டூவர்ட்டின் குறைகளை நாம் அறிந்ததே அவரை மேலே கூப்பிட்டு ஆடவிட்டதனால்தான். பௌமனுக்குப் பெரிய லீக்கின் பந்து ஒன்றுகூட வரவில்லை. வந்திருந்தால் அதை அடித்திருப்பாரா, கோட்டை விட்டிருப்பாரா என்பது எந்தக் கணக்கிலும் இல்லை.

அமெரிக்கத் தொழில்முறை ஆட்டத்தில் அந்த 72-ஐத் தாண்ட ஆள் வந்தது 2001-ல்தான். பாரி பாண்ட்ஸ் 73 அடித்தார். அப்போது பௌமன் உயிரோடு இருந்தார். 2005-ல் காலமானார்.