குந்தியாய் நிற்பது

காவியத் தலைவர்களைப் பெற்ற அன்னையருள், மக்களின் இரக்கத்துக்கும் சினத்துக்கும் ஒருங்கே ஆளானவள் குந்தி எனலாம். கோசலையைக் கண்டு இரங்குகிறோம், கைகேயியைக் கடிந்துகொள்கிறோம், குந்தியிடமோ அவ்விரண்டும் மாறி மாறி எழுகின்றன. பெற்ற குழந்தையைப் பேழையில் இட்டு ஆற்றில் விட்டவள், போர் நெருங்கிய வேளையில் அவனைத் தேடி வருகிறாள். யார் பொருட்டு வந்தாள் என்ற வினாவே நம் நெஞ்சை உறுத்துகிறது. காண்போர் நெஞ்சில் எழும் இவ்வினா, அவளாகவும் அவள் மகனாகவும் மேடையேறி நிற்போர் நெஞ்சில் என்னவாகிறது என்பதே ஈண்டு நாம் எண்ண விழைவது.

கொல்கத்தாவில் வாழும் தமிழர்களாகிய நமக்கு இக்காட்சி இரண்டு மொழிகளில் வாய்த்திருக்கிறது. ஒன்று வில்லிபுத்தூரார் தந்தது. அதிலே குந்தி இரண்டு வரங்கள் கேட்கிறாள்: நாகக் கணையை விசயன்மேல் ஒருமுறைக்கு மேல் விடலாகாது, ஏனைய நால்வரையும் கொல்லலாகாது. கர்ணனும் அவளிடம் கேட்கிறான்: தான் களத்தில் வீழ்ந்தபின் மகனென்று எல்லோரும் அறிய எடுத்தணைத்துப் பாலூட்ட வேண்டும் என்று. 1964-இல் வெளிவந்த 'கர்ணன்' திரைப்படத்தில் சிவாஜி கணேசனும் எம்.வி. ராஜம்மாவும் மகனும் தாயுமாக நின்றது இன்றும் தமிழர் நெஞ்சில் இருக்கிறது.

மற்றொன்று, 1900-இல் வெளிவந்த 'காஹினி' என்னும் நூலில் உள்ள தாகூரின் 'கர்ண குந்தி சம்வாதம்'. கங்கைக் கரையில் அந்தி சாய்கிறது. இந்தக் குந்தி கணைகளைப் பற்றிப் பேசுவதில்லை, மகனையே கேட்கிறாள். அவன் உள்ளம் ஒரு கணம் இளகி, பின் நிலைகொள்கிறது. தோற்கப் போகிறவர்களின் பக்கமே நிற்பேன் என்கிறான். வீரனின் நெறியினின்று வழுவாதிருக்க அவளுடைய வாழ்த்து ஒன்றையே வேண்டுகிறான்.

நண்பர்கள் கூடிய மாலைப் பொழுதொன்றில் இவ்விரு காட்சிகளையும் அடுத்தடுத்து வேடமின்றிப் படித்து நடித்தோம். கர்ணனாக நிற்கப் பலர் முன்வந்தனர். குந்தியாக நிற்க ஒருவரும் இசையவில்லை. நெடுநேரம் வற்புறுத்தியபின் இசைந்த அம்மையார், முடிவில் சொன்ன சொல் எம்மைச் சிந்திக்க வைத்தது: "மறுக்கிறவனுக்குத் துயரம்தான், கேட்கிறவளுக்கல்லவா நாக் கூசுகிறது!" தமிழ்க் குந்திக்கேனும் பின்னர்ச் செய்வதற்கு ஒரு செயல் உண்டு, களத்துக்கு ஓடி, மறைத்ததை ஊரறியச் சொல்லி அழலாம். வங்கக் குந்தியோ வாழ்த்தை மட்டும் தந்துவிட்டு இருளுக்குள் வெறுங்கையோடு திரும்ப வேண்டும். அதுவே தமக்குக் கடினமாயிருந்தது என்றார் அவர்.

கர்ணனாக நின்றவர்களின் நிலை இன்னும் வியப்பூட்டியது. சினத்தோடு தொடங்கிய குரல், 'அம்மா' என அழைக்கும் இடம் வந்ததும் தானாகவே தணிந்தது. காரணம் தேடித் தொலைவு செல்ல வேண்டுவதில்லை. தஞ்சையிலும் நெல்லையிலும் அன்னையை விட்டுவிட்டு, உத்தியோகத்தின் பொருட்டு ஹௌராவில் வந்து இறங்கியவர்களும் அவர்களின் மக்களுமே எம்மிற் பெரும்பாலோர். விட்டுச் சென்ற தாயைப் பழிக்க எழுந்த நாவுக்கு, விட்டு வந்த பிள்ளைகள் நாம் என்பது நினைவுக்கு வந்துவிடுகிறது.

இரு கவிஞரும் ஓரிடத்தில் ஒன்றுபடுகின்றனர். எந்தக் கர்ணனும் தாயைச் சபிக்கவில்லை. வியாசர் கதையிலே போர் முடிந்தபின் குந்தி உண்மையைச் சொன்னபோது, பெண்களுக்கு இனி மறை காக்கும் ஆற்றல் இல்லாது போகுக எனச் சபித்தவன் தருமன். அவளோடு காட்டிலும் நாட்டிலும் வாழ்ந்து, அவள் அன்பை முழுதும் பெற்றவன் அவன். இழந்தவன் பொறுத்தான், பெற்றவன் பொறுக்கவில்லை. குந்தியைப் பற்றித் தீர்ப்புச் சொல்லப் புகும் நாம், அவ்விருவருள் யார் பக்கம் நின்று பேசுகிறோம் என்பதை முதலில் தெளிந்துகொள்வது நன்று.