ராத்திரி கைத்தட்டல்... பகல்ல கிண்டலா?

சித்திரை பவுர்ணமி வந்தாச்சுன்னா திருநங்கைகளோட கால் எல்லாம் கூவாகம் பக்கம்தான். உளுந்தூர்பேட்டைக்குப் பக்கத்துல இருக்கற சின்ன கிராமம். இப்போ கள்ளக்குறிச்சி மாவட்டம்னாலும், ஒரு காலத்துல கடலூரைத் தலைநகரா வச்சிருந்த தென்னாற்காடுதான். எங்க சிதம்பரம் பக்கம் கொத்தட்டையிலயும் கூத்தாண்டவர் கோவில் இருக்கு. அதனால, இது நம்ம ஊர் சமாச்சாரம்!

கதை தெரியும்ல? பாரதப் போர்ல பாண்டவர் ஜெயிக்க அரவான் களப்பலி ஆகணும். அதுக்கு முன்னாடி கல்யாணம் பண்ணிக்க ஆசைப்பட்டாராம். மறுநாளே விதவையாக யாரு சம்மதிப்பா? கிருஷ்ணரே மோகினியா வந்தாராம். அந்த மோகினியா தங்களை நினைச்சு, பூசாரி கையால தாலி கட்டிக்கறாங்க திருநங்கைகள். ராத்திரி பூரா கும்மி, பாட்டு, ஆட்டம். மறுநாள் தேர். அப்புறம் தாலி அறுத்து, வளையல் உடைச்சு, வெள்ளைப் புடவையில ஒப்பாரி.

போன வருஷம் நானும் போனேன். ராத்திரி கூட நின்னு போட்டோ எடுத்துக்க அப்படி ஒரு முண்டியடிப்பு! காலையில அழுதப்போ பக்கத்துல ஒருத்தரையும் காணோம்.

அங்கே ஒரு அக்கா பேசினாங்க. எங்க கடலூர்க்காரங்க. கிளாஸ்ல கிண்டல் தாங்காம பத்தாவதோட படிப்பை நிறுத்தினவங்க. "அரவானுக்காக மட்டுமா அழறோம் தம்பி? அம்மா, வீடு, படிப்பு எல்லாத்துக்கும் சேர்த்து அழறோம். நாளைக்கு ரயில்ல பார்த்தா அக்கான்னு கூப்பிடுவியா?"ன்னு கேட்டாங்க. சுருக்குன்னு இருந்துச்சு.

ஒரே மாசம். சிதம்பரம் பாசஞ்சர்ல கைத்தட்டிக்கிட்டே வந்தாங்க. எங்க செட்டுல ஒருத்தன் வழக்கம் போல கலாய்க்க ஆரம்பிச்சான். "வாங்கக்கா, உக்காருங்க"ன்னேன். பெட்டியே கப்சிப்! பரங்கிப்பேட்டை வரைக்கும் பேசிக்கிட்டே வந்தாங்க. காசு கேட்கவே இல்லை. "பிரைவேட்டா பத்தாவது எழுதலாமா தம்பி?"ன்னு மட்டும் கேட்டாங்க. கலாய்ச்சவன்தான் விவரம் விசாரிச்சுச் சொன்னான்!

இது நம்ம ஊர் கதை மட்டும் இல்ல. ஜப்பான்ல 'நியூ ஹாஃப்'னு பேர் வச்சு, கிளப் மேடையிலயும் டிவியிலயும் திருநங்கைகளுக்குக் கைத்தட்டினாங்க. ஆனா, பதிவேட்டுல பாலினத்தை மாத்தணும்னா, குழந்தை பெத்துக்கற திறனையே இழந்திருக்கணும்னு 2003-ல சட்டம் போட்டாங்க. அந்த நிபந்தனை செல்லாதுன்னு அங்கே சுப்ரீம் கோர்ட் சொன்னது 2023 அக்டோபர்லதான்.

நம்ம பக்கம்? 2008-ல தமிழக அரசு திருநங்கையர் நல வாரியம் அமைச்சது. 2014-ல சுப்ரீம் கோர்ட் மூன்றாம் பாலின அங்கீகாரம் கொடுத்துச்சு. பிரித்திகா யாஷினி 2017-ல எஸ்.ஐ. ஆனாங்க. நர்த்தகி நடராஜ் 2019-ல பத்மஸ்ரீ வாங்கினாங்க. சட்டமும் சாதனையும் ரெடி. பெஞ்ச்ல பக்கத்துல இடம் கொடுக்க வேண்டியது நாமதானே?

உங்க கிளாஸ்லயும் நடை, பேச்சை வச்சு ஒருத்தரை ஓட்டிக்கிட்டு இருப்பாங்க. அந்தக் கிண்டல்ல சேராதீங்க ப்ரெண்ட்ஸ். ஒரு படிப்பு தப்பிக்கும்!